கறுப்புச் சதுரத்தில் ஒரு பொட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது குடியாத்தத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். அந்தக் கோபத்தால் நான் அடிபட்ட கதைகள் நிறைய உண்டு. நான் கோபப்பட்டு, அதற்காக இன்னொருவர் அடிபட்ட கதை ஒன்றுதான். அதை எங்காவது சொல்லிவிட வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கீழே வீட்டுக்காரர்கள் குடியிருந்தார்கள், மேலே நாங்கள் பத்துப் பேர். வைட்ஃபீல்டில் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்த்த என் தோழிகள் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "இது ஆபீஸா, டியூஷன் சென்டரா?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவர்கள் யாரோ எழுதிய புரோகிராமில் பிழை திருத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மேஜைமேல் இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தோம்.

ஆக்மெண்டட் ரியாலிட்டி என்று அதற்குப் பெயர். அப்பாவிடம் விளக்கினேன். "இல்லாததை இருக்கிற மாதிரி காட்டறதுக்கு சம்பளம் வேற குடுக்கறானா?" என்றார்.

ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பெரிய பெரிய பம்புகள் செய்து விற்றது. அவற்றைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒவ்வோர் ஊருக்கும் பம்பைத் தூக்கிப்போக முடியாது. அதனால் பம்பை நாங்கள் கம்ப்யூட்டருக்குள் செய்தோம். பார்ப்பவர் தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொள்ள வேண்டும். நாங்கள் அதை ஹெல்மெட் என்றோம். கண்ணுக்கு முன்னால் இரண்டு சின்னத் திரைகள், நெற்றியில் ஒரு கேமரா, பின்னால் கம்ப்யூட்டர் வரைக்கும் நீளும் ஒரு தடித்த ஒயர். மாட்டியதும் நம் கண் மூடிவிடும். அதற்குப் பிறகு நமக்குக் கண் அந்தக் கேமராதான். அது பார்ப்பதைத்தான் நாம் பார்க்கிறோம், அந்தக் காட்சியின் நடுவில் எங்கள் பம்பு உட்கார்ந்திருக்கும்.

பம்பு எங்கே உட்கார வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் அட்டைகள். வெள்ளை அட்டையில் தடித்த கறுப்புச் சதுரம், அதற்கு நடுவே வெள்ளையில் ஒரு குறி. கேமரா அந்தச் சதுரத்தைப் பார்த்ததும், அது எந்தப் பக்கம் சாய்ந்து தெரிகிறது, எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்பதை வைத்து, பார்ப்பவரின் தலை எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். நாம் குனிந்தால் பம்பின் அடிப்பாகம் தெரியும், சுற்றி நடந்தால் முதுகு தெரியும். மேஜைமேலும் சுவரிலுமாக ஆறு அட்டைகள் வைத்திருந்தோம். தலையை எங்கே திருப்பினாலும் ஒரு சதுரமாவது கேமராவின் கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் பம்பு காணாமல் போய்விடும்.

கேமராவைப் போல் அடம்பிடிக்கும் பிள்ளை உலகத்தில் கிடையாது. டியூப்லைட் மினுக்கினால் அதற்கு ஆகாது, வெயில் நேராக அடித்தாலும் ஆகாது. மலிவான லென்ஸ் நேர்க்கோட்டை வளைத்துக் காட்டும். அதற்காகச் சதுரங்கப் பலகை போன்ற ஓர் அட்டையை அதன்முன் இப்படியும் அப்படியும் பிடித்து, எவ்வளவு வளைக்கிறது என்று கணக்கெடுத்து, எங்கள் பம்பையும் அதே அளவு வளைத்துக் கொடுக்க வேண்டும். கறுப்புச் சதுரம் பளபளக்கவே கூடாது. பளபளத்தால் வெளிச்சம் பட்ட இடம் கேமராவுக்கு வெள்ளையாகிவிடும், சதுரம் உடைந்துவிடும். அதனால் சொரசொரப்பான தாளில்தான் அச்சடிப்போம். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது.

எங்கள் பத்துப் பேர் கணக்கில் வராத ஒருவர் உண்டு. ஏஜென்சி மூலமாக வந்து, கூட்டித் துடைத்து, டீ போட்டுக் கொடுத்த அக்கா. நாற்பது வயதிருக்கும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தார். மூன்று தலைமுறையாகப் பெங்களூர்க்காரர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். என்னை மற்றவர்கள் முன்னால் 'மேடம்' என்பார், தனியாக இருந்தால் 'மா' என்பார்.

ஒருநாள் ஹெல்மெட்டைச் சோதிக்க ஆள் கிடைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துப் பார்த்து மரத்துப் போயிருந்தோம். புதிய கண் வேண்டும் என்று அக்காவின் தலையில் மாட்டினேன். அவர் மேஜையைப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி, பம்பைச் சுற்றி மேஜையைத் துடைத்தார். பம்பு இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்தார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எங்கள் பம்பை உண்மையென்று நம்பிய முதல் ஆள் அவர்தான்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முறையாவது அவரை மாட்டிப் பார்க்கச் சொல்வேன். எங்களுக்குப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. தலையைத் திருப்பினால் மேஜையும் சுவரும் உடனே திரும்பின. பம்பு மட்டும் கொஞ்சம் பின்தங்கி, வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டர் சதுரத்தைத் தேடி, கணக்குப் போட்டு, வரைய வேண்டுமே. அதை எப்படி வேகமாக்குவது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "மேஜை மின்னாடி வந்துடுது, மெஷின் பின்னாடி வருது. அதான் மயக்கமா கீது. ரெண்டும் ஒண்ணா ஸ்வல்ப லேட்டா வந்தா இன்னாமா?"

அவர் சொன்னது சரி. பம்பு தயாராகும் வரைக்கும் கேமரா எடுத்த படத்தையும் நிறுத்திவைத்து, இரண்டையும் சேர்த்துத் திரைக்கு அனுப்பினால் வழுக்கல் போய்விடும். ஒரு வாரத்தில் அதைச் செய்து முடித்தோம். பம்பு மேஜையில் ஆணி அடித்தது போல் நின்றது. முதலாளி என் தோளைத் தட்டினார். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். அக்கா பெயரை அப்போதும் நான் சொல்லவில்லை. அது முதல் தப்பு, ஆனால் அப்போது எனக்கு அது தப்பாகவே படவில்லை.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அது சின்ன விஷயமில்லை. ஆட்டோவிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரிப் பொட்டலம் கொடுப்பார்கள். எங்கள் முதலாளி அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர்தான், ஆனால் பூஜை குறையக் கூடாது என்பதில் கறாராக இருப்பார். அந்த வருடம் அவர் வெளியூரில் இருந்ததால் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார். விடுமுறை முடிந்த திங்கட்கிழமை பம்புக் கம்பெனிக்காரர்கள் நேரில் வந்து பார்ப்பதாக இருந்தது. "எல்லாத்துக்கும் நல்லா பூஜை பண்ணிடும்மா, திங்கக்கிழமை முக்கியம்" என்று ஃபோனில் சொன்னார்.

எனக்குக் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மூன்று மணிக்கு ரயில். மனசு ஏற்கெனவே குடியாத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது. பூ வாங்கி, பூசணிக்காய் வாங்கி, பொரி பங்கிட்டதற்குள் இரண்டு மணி. பொட்டு வைக்கும் வேலை மட்டும் பாக்கி. பையை மூட முடியாமல் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டே அக்காவிடம், "சந்தனம் குங்குமம் எல்லாத்துக்கும் வெச்சிடுங்க அக்கா, ஒண்ணு விடாதீங்க, கீழ கொட்டாம வைங்க" என்றேன்.

"இந்தக் கறுப்பு அட்டைங்களுக்குமா மேடம்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஒரு நொடி யோசித்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். ஜிப் மாட்டிக்கொண்டுவிட்டது, ரயில் போய்விடும். "எல்லாத்துக்கும்னுதானே அக்கா சொன்னேன். எத்தனை தடவ சொல்றது?" என்று கத்திவிட்டுப் படி இறங்கினேன். படியில் இறங்கும்போதே கத்தியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ரயில் ஏறியதும் அதுவும் மறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஊரிலிருந்து நேராக அலுவலகம் வந்தேன். புரோகிராம் எழுதும் என் சகாவும் வந்திருந்தார். அக்கா முந்தின நாளே வந்து, பூசியிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் ஈரத்துணியால் துடைத்து, எல்லாவற்றையும் பளிச்சென்று வைத்திருந்தார். ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்தேன். பம்பு நடுங்கியது. காய்ச்சல் வந்தது போல ஒரு நடுக்கம். விடுமுறைக்கு முன்னால் சகா புரோகிராமில் ஏதோ மாற்றியிருந்தார். அதுதான் காரணமென்று இருவரும் அதையே நோண்டினோம். பழைய புரோகிராமைத் திரும்பப் போட்டோம், நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. நாங்கள் இரண்டே பேர் என்பதால் ஹாலில் பாதி விளக்குகூடப் போடவில்லை. வெளியே மேகமூட்டம் வேறு. அட்டைகளை நான் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தன.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். மூன்று பேர். முதலாளி வாசலுக்கே போய் அழைத்து வந்து, ஹாலில் இருந்த எல்லா விளக்கையும் போட்டு, ஜன்னல் திரைகளை விலக்கிவிட்டார். அவர்களில் மூத்தவர் ஹெல்மெட்டை மாட்டினார். நான் கம்ப்யூட்டர் திரையில் அவர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பம்பு தோன்றியது. பக்கவாட்டில் சாய்ந்தது. எம்பிக் கூரைக்குப் போனது. பிறகு காணாமலே போய்விட்டது. அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பித் தேடினார். எதுவும் இல்லை. ஒரு பெரிய மனிதர் வெறும் மேஜைமுன் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பதைப் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அவர்கள் மரியாதையாகக் காபி குடித்துவிட்டு, புதன்கிழமை திரும்பிப் போவதற்குள் முடிந்தால் இன்னொரு முறை காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் முதலாளி கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு என் பின்னால் உட்கார்ந்தார். "கேமரா என்ன பார்க்குதுன்னு காட்டு" என்றார். கம்ப்யூட்டர் எதையும் வண்ணத்தில் பார்ப்பதில்லை. முதலில் எல்லாவற்றையும் சுத்தக் கறுப்பு, சுத்த வெள்ளை என்று பிரித்துக்கொள்ளும். அந்தப் படத்தைத் திரையில் போட்டேன்.

ஆறு அட்டைகளிலும் பட்டை தெரிந்தது. கறுப்புச் சதுரத்தின் குறுக்கே மூன்று வெள்ளைப் பட்டைகள், நடுவில் ஒரு வட்டம். மேஜையில் கண்ணுக்குச் சுத்தமாகக் கிடந்த அதே அட்டைகள், கேமராவின் கண்ணுக்கு நெற்றி நிறைய சந்தனம் பூசிக்கொண்டு நின்றன. முதலாளி ஓர் அட்டையை எடுத்து விளக்குக்குச் சாய்த்துப் பார்த்தார். பட்டை இருந்த இடம் மட்டும் மினுங்கியது. விரலால் தடவினார். "எண்ணெய்" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கீழே கொட்டாமல் இருக்க அக்கா சந்தனத்தையும் குங்குமத்தையும் எண்ணெயில் குழைத்திருக்கிறார். துடைத்ததில் நிறம் போய்விட்டது, எண்ணெய் சொரசொரப்பான தாளில் ஊறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மங்கல் வெளிச்சத்தில் அது அவ்வளவாக மினுங்கவில்லை.

பேன்ட்ரியிலிருந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். எல்லோரும் சுற்றி நின்றோம்.

"இதுல நீங்க என்ன பூசினீங்க?" என்று கேட்டார் முதலாளி.

அக்கா அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பேசுவேன் என்று காத்திருந்தார். நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். பயம். அதற்கு வேறு பெயர் கிடையாது. அட்டைக்குப் பொறுப்பு நான், பூஜைக்குப் பொறுப்பு நான், கத்தினதும் நான்.

"நான்தான் சார் பொட்டு வெச்சேன்" என்றார் அக்கா.

"இவங்களுக்கு எதைப் பார்த்தாலும் குங்குமம் வெக்கணும். படிப்பு இல்லேன்னா இப்படித்தான்" என்றார் என் சகா. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. ஆனால் அன்று மத்தியானமே ஏஜென்சிக்கு ஃபோன் போய்விட்டது. நாளையிலிருந்து வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டார். அக்கா கழுவிய கோப்பைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கு அந்தப் பாவம் என் நாற்காலியில் உட்கார்ந்து புது அட்டைகள் அச்சடித்துக்கொண்டிருந்தது.

புது அட்டைகள் வர பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புதன்கிழமை காலை விருந்தாளிகள் மீண்டும் வந்தார்கள். பம்பு அசையாமல் நின்றது. மூத்தவர் அதைச் சுற்றி நடந்தார், குனிந்தார், கையை நீட்டித் தொடப் பார்த்தார். இதுவரை அவர்கள் பார்த்த எந்தக் கருவியிலும் பொருள் இப்படி நின்றதில்லை என்றும், வழுக்கல் இல்லாமல் எப்படிச் செய்தீர்கள் என்றும் கேட்டார். முதலாளி என்னைக் கை காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் நன்றி சொன்னேன். எல்லாமே சரியாகிவிட்டிருந்தது, அக்காவின் வேலையைத் தவிர.

வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் முதலாளியின் அறைக்குப் போய், அட்டைக்கும் பொட்டு வைக்கச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். அட்டைக்குமா என்று அக்கா கேட்டபோதும் நான் கத்தினேன் என்று சொன்னேன். முதலாளி டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சிரித்தார். "இதுக்கா மூணு நாளா மூஞ்சி இப்படி இருக்கு? ஆகும் விடும்மா. அடுத்த தடவைக்கு ஒரு செக்லிஸ்ட் போட்டு வெச்சிடு" என்றார்.

அவ்வளவுதான். ஒரே தப்பு. எனக்குச் செக்லிஸ்ட், அக்காவுக்கு வேலை போயிற்று. எனக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக வர வேண்டிய இடத்தில் வந்தது. "அப்ப அவங்களை ஏன் சார் அனுப்பினீங்க?" என்று கேட்டேன். "அந்த வழுக்கலை நிறுத்தின யோசனையும் அவங்களோடதுதான். நான் சொல்லலை. உங்ககிட்ட ரெண்டு விஷயத்தை மறைச்சிருக்கேன். அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க." குரல் ஹால் வரைக்கும் கேட்டிருக்கும். அவர் கெட்ட மனிதர் இல்லை. டிபன் பாக்ஸை ஒதுக்கி வைத்துவிட்டு, "சரி, கூட்டிட்டு வா" என்றார்.

சனிக்கிழமை காலையில் ஏஜென்சிக்காரரிடம் வழி கேட்டுக்கொண்டு போனேன். ரயில் பாதை ஓரமாகவே நடந்து, குழாயடியில் இரண்டு பேரை விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஒரே அறை வீடு. எங்கள் அலுவலகத்தைவிடச் சுத்தமாக இருந்தது. அக்கா என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. "உள்ள வா" என்று பாயை விரித்தார்.

உட்கார்ந்ததும் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். ஒரு புத்தர் படம், அதன் முன்னால் பாதி எரிந்த மெழுகுவர்த்தி. வேறு சாமி படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. நான் பார்ப்பதை அவர் கவனித்தார்.

"எங்க வூட்ல பூஜை கீஜை கெடையாதுமா. என் மாமனார் காலத்துலேர்ந்தே நாங்க இவரைத்தான் கும்புடறது" என்றார். "நீ சொன்னியேன்னுதான் வெச்சேன். எனுக்கு அதெல்லாம் கொழைக்கத் தெரியாது. கீழ கொட்டக் கூடாதுன்னு சொன்னியா, பக்கத்து வூட்டம்மாவை ஓடிப்போய்க் கேட்டேன். ரெண்டு சொட்டு எண்ணெய் வுட்டா கப்புனு புடிச்சிக்கும்னாங்க. ஆறு அட்டைக்கும் ஒரே மாதிரி வரணும்னு ஸ்கேல் வெச்சு வெச்சேன்மா."

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நம்பிக்கை இல்லாத ஒருவர், எனக்காக, என் சாமிக்கு, ஸ்கேல் வைத்துப் பொட்டு வைத்திருக்கிறார். அவரைத்தான் குங்குமப் பைத்தியம் என்று அங்கே சிரித்தார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

நான் அழுதுகொண்டிருக்க, அவர் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். "ஏஜென்சில வேற எடம் குடுக்க மாட்டேங்கறான். ஆபீஸ் சாமானைக் கெடுக்கற ஆளுன்னு எழுதி வெச்சிக்கிறான். பதினோரு வருசமா இந்தக் கூட்டித் தொடைக்கற கெலசம் பண்றேன், ஒரு கிளாஸ் ஒடைச்சதில்ல" என்றார்.

"முதலாளிகிட்ட சொல்லிட்டேன் அக்கா. உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னார்."

"எங்க சொன்னே?"

"அவரோட ரூம்ல."

"கதவு சாத்திகினா?"

தலையாட்டினேன்.

"என்னைக் கேட்டது ஹால்லமா" என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "எல்லாரும் சுத்தி நின்னுகினு இருந்தாங்க. சிரிச்சாங்க. நீ எனக்கோசரம் வந்தியா, உன் மனசு ஆறணும்னு வந்தியா, எனுக்குத் தெரியல. ரெண்டும் இருக்கட்டும், தப்பில்ல. ஆனா நான் வரணும்னா அத்தினி பேரு மின்னாடியும் நீ சொல்லணும். நான் இருக்கச் சொல்லணும்."

"சொல்றேன் அக்கா. நீங்க பூஜையே பண்றதில்லேங்கறதையும் சொல்றேன், அவங்களுக்கு உறைக்கட்டும்."

"அது வேணாம்" என்றார் உடனே. "அது என் வூட்டு சமாச்சாரம். அதை எடுத்துகினு போய் அங்க வெக்காத. நீ சொன்னதை மட்டும் சொல்லு."

திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்தார். நல்ல பச்சைப் புடவை கட்டி, தலை வாரிப் பூ வைத்திருந்தார். ஏஜென்சி கொடுத்த நீலக் கோட்டு இல்லை. முதலாளி நாற்காலி ஒன்றைக் காட்டினார், அக்கா உட்கார்ந்தார். அத்தனை மாதத்தில் அவர் அந்த ஹாலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சகாக்கள் ஒவ்வொருவராகத் தங்கள் இடத்திலிருந்து எழுந்து வந்தார்கள். என்ன நடக்கப் போகிறது என்று பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது.

நான் நடுவில் நின்று சொன்னேன். பொட்டு வைக்கச் சொன்னது நான். அட்டைக்குமா என்று அக்கா கேட்டார். நான் யோசிக்காமல் கத்தினேன். அன்றைக்கு நீங்கள் எல்லோரும் இங்கே நின்றபோது எனக்கு இதெல்லாம் தெரியும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பம்பு வழுக்காமல் நிற்பதற்கு வழி சொன்னதும் அக்காதான், பாராட்டை வாங்கிக்கொண்டது நான். தமிழ் தெரியாத மூன்று பேருக்காக என் அரைகுறைக் கன்னடத்தில் மறுபடியும் ஆரம்பித்தேன். பாதியில் வார்த்தை கிடைக்காமல் நின்றேன். யாராவது எடுத்துக்கொடுப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் கொடுக்கவில்லை. அக்காவுக்கு அந்த வார்த்தை நிச்சயம் தெரியும், அவரும் கொடுக்கவில்லை. நானே தட்டுத்தடுமாறி முடித்தேன். என் சகா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நான் சொன்னதும் தப்பு" என்றார் மெல்ல.

அக்கா கடைசி வரைக்கும் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் முடித்ததும் எழுந்து, முதலாளியைப் பார்த்து, "ஏஜென்சிக்கும் இதே மாதிரி ஒரு ஃபோன் போட்டுடுங்க சார்" என்றார். முதலாளி தலையாட்டிக்கொண்டே ஃபோனை எடுத்தார். அவர் பேசி முடித்து வைத்ததும் ஹாலில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. சூழலைச் சகஜமாக்க நினைத்தாரோ என்னவோ, "சரிம்மா, பேன்ட்ரி ஒரு வாரமா கெடக்கற கெடப்பைப் பார்த்தா பயந்துடுவீங்க. முதல்ல எல்லாருக்கும் ஒரு டீ போடுங்க" என்றார்.

அக்கா புடவைத் தலைப்பைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"நாளைக்கு வர்றேன் சார்" என்றார். "இன்னிக்கு இதைக் கேக்கத்தான் வந்தேன்."